ரன்எக்ஸுக்கு என்ஏ பில்டா, சூப்பர்சார்ஜரா? ஜோபர்க்கில் இருப்பவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் மிட்ராண்டில் குடியிருக்கிறீர்கள், கையில் 2005 மாடல் டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ, 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 70,000 ராண்ட் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கேம், திராட்டில் பாடி, ஹெட் வேலை என்று என்ஏ (காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் எஞ்சின்) வழியிலேயே போவதா, இல்லை பழைய மெர்சிடிஸில் கழற்றிய ஈட்டன் கம்பெனி சூப்பர்சார்ஜர் (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் பம்ப்) ஒன்றை மாட்டுவதா? மாதத்துக்கு ஒருமுறை டார்ல்டனில் டிராக் (நேர்க்கோட்டு ரேஸ்) ஓட்டுவீர்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மனைவி வீட்டுக்கு டர்பன் வருவீர்கள். கடைசியில் ஒரு வரி: "சூப்பர்சார்ஜர் போட்டால் ஜோபர்க் உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று நண்பர் சொல்கிறார், சரியா?" என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். அதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விழும் இடத்தில் விழுந்துவிடும்.

நான் கோயம்புத்தூரில் பீளமேட்டு லேத் பட்டறையில் கை பழகியவன். டர்பன் வந்து 22 வருடம் ஆகிறது. ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் ஹெட், பிளாக், கிராங்க் என்று எஞ்சின் வேலை மட்டும்தான் பார்க்கிறேன். அதனால் நான் பேசுவது கடலோரத்து ஆள் பேச்சு. ஜோபர்க் வண்டிகளை நான் பெரும்பாலும் உடைந்து வரும்போதுதான் பார்க்கிறேன், என் பேச்சில் கொஞ்சம் பயம் கூடுதலாக இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று. டர்பனில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, அங்கே சுமார் 83. என்ஏ எஞ்சின் என்பது வானம் தருவதை மட்டும் குடிக்கிற எஞ்சின், தள்ளிவிட ஆள் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று எவ்வளவு அழுத்தி உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் சாப்பாடு. ஆகவே 141 கிலோவாட் என்று கம்பெனி பேப்பரில் போட்டிருக்கும் உங்கள் வண்டி, வாங்கிய நாளிலிருந்தே மிட்ராண்டில் 115, 120-க்கு நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டு நிலத்துக் குளிர்ச்சி துளி ஈடு செய்யும், ஆனால் துளிதான். ஈஸ்டருக்கு டர்பன் வரும்போதெல்லாம் "வண்டி இங்கே நன்றாக இழுக்கிறதே" என்று தோன்றியிருக்குமே, அது விடுமுறை சந்தோஷம் மட்டுமில்லை.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். பாதி உண்மை, அந்த மீதிப் பாதிதான் எஞ்சினைக் கொல்லும். ஈட்டன் மாதிரி ரூட்ஸ் வகை பிளவர் (சூப்பர்சார்ஜரைத்தான் இப்படிச் சொல்கிறோம்) ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுகிற பம்ப். அதை கிராங்க் பெல்ட் சுற்றுகிறது, எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. ஆக, அது தருவது இத்தனை பார் என்ற கூட்டல் இல்லை, பெருக்கல். டர்பனில் 101-ஐ ஒன்றரை மடங்காக்கி 151 செய்கிற புல்லி, ஜோபர்க்கில் 83-ஐ ஒன்றரை மடங்காக்கி 124 செய்யும். வெளிக்காற்றுக்கு மேலே இருக்கிற கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட், 100 கிலோபாஸ்கல் ஒரு பார், ஆக இங்கே மீட்டரில் 0.5 பார் காட்டுவது அங்கே 0.4-தான் காட்டும். அதாவது உயரத்தால் என்ஏ எஞ்சின் எத்தனை சதவீதம் இழக்கிறதோ, அதே புல்லியில் ஓடும் சூப்பர்சார்ஜ்டு எஞ்சினும் ஏறக்குறைய அதே சதவீதத்தை இழக்கிறது. இழந்த பிறகு கையில் மிஞ்சுவது அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். உயரத்தை நிஜமாகவே ஈடுகட்டக்கூடியது எஞ்சின் புகையில் சுற்றும் டர்போ, ஏனென்றால் அதன் வேஸ்ட்கேட்டை (மிஞ்சிய புகையை வெளியே விடும் கதவை) எத்தனை அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம், காற்று மெலிந்தால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றி அதே அழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். ரீஃப் (ஜோபர்க் வட்டாரம்) பக்கத்து டிராக் கூட்டத்தில் டர்போ கோல்ஃப்கள் கொடி கட்டிப் பறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் டர்போ பற்றிக் கேட்கவில்லை, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

"அப்படியானால் பிளவரை இன்னும் வேகமாகச் சுற்றுகிற சின்ன புல்லி போட்டு ஜோபர்க்கிலும் 151 வர வைத்துவிடலாமே?" வரவைக்கலாம். இரண்டு கணக்குகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் கணக்கு சூடு. காற்றை அமுக்கினால் சூடேறும், சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். 30 டிகிரி காற்றை ஒன்றரை மடங்கு அமுக்கினால், குறையே இல்லாத பம்பாக இருந்தாலும் சுமார் 37 டிகிரி ஏறும். ரூட்ஸ் பிளவரின் திறன் 60 சதவீதத்தை ஒட்டித்தான், ஆக ஏறுவது 60 டிகிரி, மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றுப் போகும் குழாய்) போகும் காற்று 90 டிகிரி. சூடான காற்று விரிந்திருக்கும், எனவே 50 சதவீதம் கூடுதல் அழுத்தம் கொடுத்தும் காற்றின் எடை 25 சதவீதம்தான் கூடுகிறது. இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் 40 சதவீதம் கூடும். ஜோபர்க்கில் 83-ஐ 151 ஆக்க வேண்டுமென்றால் 1.8 மடங்கு அமுக்க வேண்டும், காற்று 115 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். இன்டர்கூலர் இல்லாமல் இதைச் செய்கிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது கணக்கு பிளவரின் சுற்று. நீங்கள் சொன்ன மெர்சிடிஸ் பிளவர் பெரும்பாலும் ஈட்டன் எம்62 ஆக இருக்கும், அந்த 62 என்பது கன அங்குலம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். உங்கள் 1.8 லிட்டர் எஞ்சின் கிராங்கின் ஒரு சுற்றுக்குக் குடிப்பது 0.9 லிட்டர். கசிவையும் மற்ற இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் கிராங்க் ஒரு சுற்று சுற்ற பிளவர் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும், 1.6 என்று வையுங்கள். 8,200 ஆர்பிஎம்-இல் பிளவர் 13,000 சுற்றுகிறது. நான் எம்62-ஐ 14,000-க்கு மேலே போகவிடுவதில்லை. ஜோபர்க்குக்காக அந்த 1.6-ஐ 1.9 ஆக்கினால் 15,500-ஐத் தாண்டும். வேறு எஞ்சினாக இருந்தால், 6,500-லேயே முடிந்துபோகிற எஞ்சினாக இருந்தால், இந்தப் பிரச்சினை வராது. உங்களுடையது உயரச் சுற்றுக்கென்றே பிறந்த எஞ்சின், அதற்கு இந்தக் குறுக்குவழி சரிப்படாது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் இண்டியானாவில் 1860-இல் காப்புரிமை வாங்கியது உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதுகிற பம்பாக வேலை பார்த்தது. சூப்பர்சார்ஜர்கள் எஞ்சின் மேலே ஏறிய பிறகு, உயரப் பிரச்சினையை முதலில் நேராகச் சந்தித்தவர்கள் விமானக்காரர்கள். 1942-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இன் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லினில் சூப்பர்சார்ஜருக்கு இரண்டு கியர் இருந்தது. கீழே பறக்கும்போது மெதுவான கியர், மேலே போனதும் வேகமான கியர், உயரத்தை உணர்ந்து தானே மாறிக்கொள்ளும். மேலே வேண்டிய வேகத்தைக் கீழேயும் கொடுத்தால் எஞ்சின் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். நம்மவர்களோ ஜோபர்க்கில் ஒரே ஒரு புல்லியைப் போட்டுக்கொண்டு வான் ரீனன் கணவாய் வழியாக நேராகக் கடலுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

அப்படி இறங்கி வந்த ஒரு வண்டியின் கதை இது. சில வருடங்களுக்கு முன், 2 லிட்டர் ஹேட்ச்பேக், ஜோபர்க்கில் எங்கேயோ பிளவர் மாட்டி அங்கேயே டைனோவில் (பவர் அளக்கும் மெஷினில்) டியூன் செய்தது. பெரிய வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். அங்கே 0.67 காட்டிய பூஸ்ட் மீட்டர் இங்கே 0.8-ஐத் தாண்டியது. அதைப் பார்த்துப் பையனுக்கு ஒரே குஷி, யாரும் அவனுக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும்போது டோல் காசை மிச்சம் பிடிக்க எம்13-இல் ஏறி, ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் முழுசாக மிதித்திருக்கிறான். பாதி மேட்டில் வண்டி நீலப் புகையோடு நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஒரு பக்கியில் (பிக்கப் வண்டியில்) கட்டி இழுத்து என்னிடம் கொண்டுவந்தார்கள்.

பிளக்கைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் உருண்டை உருண்டையாக இருக்கும். அதெல்லாம் பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டை எடுத்தால் பிஸ்டன் ஓரம் எலி கடித்த தேங்காய்ச் சில்லு போல, முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள மேடு நகம் அளவுக்குப் பெயர்ந்து கிடந்தது. நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது, அடித்து அடித்துச் செய்த வேலை. லேப்டாப்பை மாட்டி மேப்பை, அதாவது எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது இக்னிஷன் என்ற கட்டம் போட்ட அட்டவணையை, திறந்தபோதுதான் முழுக்கதையும் புரிந்தது. ஜோபர்க் டைனோவில் மேனிஃபோல்டு அழுத்தம் 150-க்கு மேலே ஏறியதே இல்லை, அதனால் அதற்கு மேலுள்ள கட்டங்களை யாரும் தொட்டதும் இல்லை. பெட்ரோலும் இக்னிஷனும் குத்துமதிப்பாக நிரப்பின எண்கள். வண்டி இங்கே வந்ததும் 170, 180 என்று யாரும் பார்க்காத கட்டங்களுக்குள் போய்விட்டது, பெட்ரோல் போதவில்லை, இக்னிஷன் முன்னாலேயே அடித்தது. புல்லி போட்டவர் மேல் மட்டும் நான் பழி போட மாட்டேன். "டர்பன் போவேன்" என்று பையனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

என்ஏ பில்டிலும் இதே பொறி உண்டு, அடி மட்டும் லேசாக விழும். மேட்டு நிலத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவு, அதனால்தான் உள்நாட்டில் 93 ஆக்டேன் பெட்ரோல் போதுமாக இருக்கிறது. அதே தைரியத்தில் அங்கே கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, 12.5-க்கு ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றினது ஜோபர்க்கில் சாதுவாக ஓடும், கடலோரம் வந்து வெயிலில் ஒரு மேடு ஏறினால் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம் போடும்.

சரி, உங்கள் எஞ்சினுக்கு வருவோம், ஏனென்றால் பொதுவாகப் பேசுவது சுலபம். ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ-இல் இருப்பது 2இசட்இசட், 82 மில்லிமீட்டர் போர், 85 ஸ்ட்ரோக், 11.5 கம்ப்ரெஷன், 6,200 ஆர்பிஎம்-ஐ ஒட்டி, வால்வைத் திறக்கிற கேம் பெரியதுக்கு மாறும். இது கம்பெனியே ஏற்கெனவே கசக்கிப் பிழிந்து கொடுத்த எஞ்சின். டார்க் (முறுக்கு விசை) 180 நியூட்டன் மீட்டர் என்றால் லிட்டருக்கு 100, தெருவில் ஓடுகிற என்ஏ எஞ்சினுக்கு அது நல்ல எண். ரொம்பச் சிரமப்பட்டால் இன்னும் பத்து சதவீதம் பிழியலாம். டார்க் ஏறாதபோது பவர் ஏற ஒரே வழி சுற்று. 163 கிலோவாட் வேண்டுமென்றால் 8,600-இலிருந்து 9,000 வரை சுற்றியாக வேண்டும், காகிதத்தில் போட்டுப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்-ஆல் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். அந்தச் சுற்றுக்குக் கேம், வால்வு ஸ்பிரிங், ராடு, பேலன்சிங், தனித்தனி திராட்டில் பாடி, புது ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) எல்லாம் வேண்டும். ஆயில் பம்ப் கியரும் மாற்ற வேண்டும், அது பொடி உலோகத்தை அழுத்திச் செய்தது, கியர் தவறிப் போட்டு சுற்று எகிறினால் உடைவதற்குப் பேர் போனது. இத்தனையும் செய்து கடலோரத்தில் 163 எடுத்தீர்கள் என்று வையுங்கள், அது ஜோபர்க்கில் 134. கையிலிருந்த காசெல்லாம் போய், கடனும் வாங்கி, கம்பெனி பேப்பரில் போட்ட 141-ஐக்கூட உங்கள் ஊரில் தொட்டிருக்க மாட்டீர்கள்.

163 என்ற எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். 2006-இல் லோட்டஸ் எக்ஸீஜ் எஸ் இதே எஞ்சினில் இதே எம்62 வகை ஈட்டனை இன்டர்கூலரோடு வைத்து விற்றது 163 கிலோவாட்டுக்குத்தான், டார்க் 215 நியூட்டன் மீட்டர். 11.5 கம்ப்ரெஷனை அவர்கள் குறைக்கவும் இல்லை. ஒரு கம்பெனி வாரண்டி கொடுத்து விற்ற அளவு அது, ஆகவே அந்த அளவுவரை பாதை தெரிந்த பாதை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் கவனியுங்கள், அதுவும் ஜோபர்க்கில் 134-தான் ஆகும். உச்சியில் இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. வித்தியாசம் உச்சியில் இல்லை, நடுவில்.

உங்கள் ஆறு கியர் பெட்டியில் 8,200-இல் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டால் சுற்று 5,300-க்கு விழும், இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,900. இரண்டுமே கேம் மாறுகிற 6,200-க்குக் கீழே. டார்ல்டனில் அந்த ஒரு நொடி வண்டி மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்குமே, அது இதுதான். ரூட்ஸ் பிளவர் 2,500-லிருந்தே பூஸ்ட் கொடுப்பதால் இந்தப் பள்ளத்தை அப்படியே நிரப்பிவிடும். காலையில் ரோபோவில் (சிக்னலில்) நின்று கிளம்பும்போதும் என்1-இல் லாரியைத் தாண்டும்போதும் உங்களுக்கு வேண்டியது இந்த நடுப்பகுதிதான். என்ஏ பில்ட் அதை இன்னும் ஆழமாக்கும், பெரிய கேம் கீழ்ச்சுற்றைத் தின்றுதான் மேல்சுற்றைக் கொடுக்கும். மையவிலக்கு வகை, அதாவது ராட்ரெக்ஸ் மாதிரி, சூடு குறைவு, திறன் அதிகம், ஆனால் சுற்று ஏற ஏறத்தான் பூஸ்ட் வரும். 2இசட்இசட்டின் குணமும் அதுவே, ஆக இரண்டும் சேர்ந்து மேலேயே குவியும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு என்ஏ-வை நான் ஏதோ மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனசு அங்கேதான். 90-களின் தொடக்கத்தில் இந்த நாட்டு குரூப் என் ரேஸில் மோதிய ஓப்பல் சூப்பர்பாஸ், பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் இரண்டும் என்ஏ-தான். சூப்பர்பாஸின் 2 லிட்டரில் ஷ்ரிக் கேம் வைத்து 125 கிலோவாட், இன்றைக்கும் ஒழுங்காக வைத்திருக்கிற ஒன்று பட்டறைக்கு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வருவோம். மிதித்த கணமே பதில் சொல்கிற அந்த எஞ்சின், நாலு திராட்டில் பாடி மூச்சு இழுக்கிற சத்தம், இதற்கு நிகர் கிடையாது. டர்பனில் இருந்துகொண்டு, சர்க்யூட்டில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் என்ஏ என்றே சொல்லியிருப்பேன், ஏனென்றால் அரை மணி நேரம் முழுசாக மிதித்து ஓட்டும்போது பிளவரின் சூடு சேர்ந்துகொண்டே போகும், மூன்றாவது சுற்றில் இருந்த பவர் பத்தாவது சுற்றில் இருக்காது. டிராக்கில் பதினைந்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும், அந்தத் தொல்லை இல்லை.

டைனோ எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோபர்க் டைனோ பேப்பரில் பெரும்பாலும் உயரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். என்ஏ எஞ்சினுக்கு அது நியாயம், கடலோர எண்ணோடு ஒப்பிட வேண்டுமே. நிலையான புல்லியில் ஓடும் பிளவருக்கும் ஓரளவு நியாயம். உயரத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்கிற டர்போவுக்கும் அதே ஐந்தில் ஒன்றைக் கூட்டினால் அது வாயில் ஓட்டுகிற கிலோவாட். எண்ணைப் பார்க்கும்போது திருத்தியதா, திருத்தாததா, சக்கரத்திலா, கிராங்கிலா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு ஆச்சரியப்படுங்கள்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியானது. இனிமேல் வருவது உங்கள் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது. 1,90,000 கிலோமீட்டர் என்பது நல்ல ஆயில் பார்த்த எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, பார்க்காததற்கு வயது முடிந்த கதை. 2இசட்இசட்டின் சிலிண்டர் சுவர் இரும்பு லைனர் இல்லை, அலுமினியத்தோடு நார் கலந்து வார்த்த ஒரு கலவை. கீறல் விழுந்தால் மற்ற எஞ்சின் மாதிரி போரிங் போட்டு அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுகிற கதையெல்லாம் இதில் நடக்காது, முழுசாக ஸ்லீவ் இறக்க வேண்டும், அல்லது இறக்குமதி எஞ்சின் வாங்க வேண்டும். எனவே பிளவருக்கு ஒரு ராண்ட் செலவழிப்பதற்கு முன்னால் நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷன், லீக்டவுன் (காற்றுக் கசிவுச் சோதனை) இரண்டையும் பாருங்கள். நாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் இறங்கி நின்றால் பேச்சே வேண்டாம். ஆயில் குடிக்கிறதா என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்பியைப் பார்த்து எழுதி வையுங்கள். ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கிற போல்ட்டையும் ஒரு கை பார்க்கச் சொல்லுங்கள், ஆரம்ப வருட எஞ்சின்களில் தேய்கிற இடம் அது.

ரிங் இடைவெளியும் ஒரு சந்தேகம். இந்த 82 மில்லிமீட்டர் போருக்கு என்ஏ என்றால் முதல் ரிங்குக்கு 0.30-ஐ ஒட்டி வைப்பேன், பிளவர் என்றால் 0.40-க்கு மேலே. கூடுதல் சூட்டில் ரிங் நீளும், இடைவெளி இல்லையென்றால் இரு முனையும் முட்டிக்கொண்டு பிஸ்டனின் மேட்டைப் பெயர்த்துவிடும். பிரிக்காத எஞ்சினில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே பிரிக்காத எஞ்சினில் கடலோர அளவுக்கு 0.4 பாருக்கு மேலே நான் போக மாட்டேன், ஜோபர்க்கில் அது 0.33 ஆகத் தெரியும். வெளியில் 1 பார் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை நாள் ஓட்டினார்கள் என்பதையும் அவர்களிடம் கேளுங்கள்.

ஆக உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதல் மாதம் சோதனை, ஆயில் பம்ப் கியர், கிளட்ச், கூலிங் சிஸ்டம். அப்புறம் ஒரு நல்ல ஈசியூ, கேம் மாறும் இடத்தை 5,700, 5,800-க்கு இறக்கி அந்தக் கியர் பள்ளத்தைப் பாதி மூடிவிடுவேன். இதுவும் ஒரு நல்ல ஹெடரும் (எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய்) சேர்ந்து என் கைக்கு வந்த வண்டிகளில் பத்து கிலோவாட்டைத் தாண்டிக் கொடுத்தது அரிது, ஆனால் ஓட்டும்போது இருபது மாதிரி தெரியும். அந்த ஈசியூ பிறகு பிளவருக்கும் வேண்டியதுதான், காசு வீணில்லை. ஆறு மாதம் அப்படியே ஓட்டுங்கள், சிலருக்கு அதுவே போதும் என்று ஆகிவிடுகிறது. ஆகவில்லையென்றால் எம்62, இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், ஒரு படி குளிர்ந்த பிளக், 95 பெட்ரோல் மட்டும். ஸ்கிராப்பில் வாங்குகிற பிளவரின் முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பேரிங் ஆடினாலும் ரோட்டர் பூச்சு உரிந்திருந்தாலும் வேண்டாம். பைபாஸ் வால்வு சரியாகத் திறந்தால் சும்மா ஓட்டும்போது பெட்ரோல் பெரிதாகக் கூடாது. இன்சூரன்ஸ்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், மறைத்தால் விபத்து நடக்கிற அன்றுதான் தெரியவரும்.

இதில் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: புல்லியைக் கடல் மட்டத்துக்கு அளந்து போடுங்கள், மேப்பையும் கடல் மட்டத்தில் முதலில் போடுங்கள். இங்கே 140 வரைக்கும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டால், ஜோபர்க்கில் அது எப்போதுமே அதற்குள்ளேதான் ஓடும். மேலிருந்து கீழே இறங்கும்போது மட்டும்தான் எஞ்சின் தெரியாத இடத்துக்குப் போகிறது.

அடுத்த ஈஸ்டருக்கு வருவீர்கள் என்றால் அந்தக் கம்ப்ரெஷன், லீக்டவுன் எண்களை எழுதி எடுத்துக்கொண்டு, வண்டியை எதையும் மாற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பெரிய வெள்ளி அன்று மட்டும் வராதீர்கள், பட்டறை பூட்டியிருக்கும், நானும் இசிபிங்கோவில்தான் இருப்பேன்.